காலை வேனில் இரண்டாவது பாட்டு

காலையில் கம்பெனி வேன் கிளம்பும்போது சினிமாப் பாட்டுப் போடக் கூடாது. எங்கள் பக்கத்தில் இது யாரும் எழுதி வைக்காத சட்டம். பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகிற எந்த வேனும் இதை மீறியதாக நான் கேள்விப்பட்டதில்லை. போகும்போது சாமி பாட்டு, திரும்பும்போது எந்தப் பாட்டு வேண்டுமானாலும். செவ்வாய், வெள்ளி அம்மன் பாட்டு. புதனும் சனியும் எங்கள் வேதக்காரப் பாட்டு, ஏசு பாட்டு. மிச்ச நாளில் டிரைவர் கைக்கு எந்தச் சாமி அகப்படுகிறதோ அந்தச் சாமி. எங்காவது ஒரு கம்பெனி வெடித்த சத்தம் கேட்டுவிட்டால் மறுநாள் பாட்டே கிடையாது. பதினெட்டுப் பெண்களும் மடியில் தூக்குச்சட்டியை வைத்துக்கொண்டு சன்னலுக்கு வெளியே பார்த்தபடியே போவார்கள். சாயங்காலம் திரும்புகிற வேனைப் பார்த்தால் கல்யாண வண்டியோ என்று நினைக்கத் தோன்றும். குத்துப்பாட்டு அதிரும், கழுவியும் போகாத மருந்துக் கையோடு தாளம் போடுவார்கள். முழுசாகத் திரும்பியாயிற்று, அதற்கு மேல் எந்தச் சாமி என்ன சொல்லப் போகிறது.

இந்தச் சட்டத்தை எங்கள் வேன் ஒரே ஒரு தடவை மீறியது. மீறியது நான்தான். அப்போது எனக்குப் பதினோரு வயது. ஆனைக்குட்டம் அணைக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர். அம்மா வேலைக்குப் போகிற வேன் என் பள்ளிக்கூடத்து வாசல் வழியாகப் போகும் என்பதால் டிரைவர் அண்ணன் என்னையும் ஏற்றிக்கொள்வார். அம்மாவின் முழங்காலுக்கும் முன் சீட்டின் முதுகுக்கும் நடுவில் எனக்கென்று ஓர் இடம் உண்டு. நான் ஒன்பதாவதோடு படிப்பை விட்டவள். எழுதிப் பழக்கமில்லை, கவலைப்பட்டுத்தான் பழக்கம். இதை எழுதும்போதுகூட அம்மா கண்ணில் பட்டுவிடுமோ என்று ஒரு கவலை. அம்மாவுக்கு இப்போது கண்ணாடி போட்டாலும் பொடி எழுத்துத் தெரியாது. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

என் மாமா அம்மாவுக்கு நேர் இளையவர். சிவகாசியில் ஓர் அச்சாபீசில் கட்டிங் மிஷினில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆமத்தூர்ப் பக்கம் ஒரு தகரக் கொட்டகைச் சபையில் கிதார் வாசிப்பார். சும்மா கிதார் இல்லை, கரண்டில் ஓடுகிற கிதார். கூட டிரம்ஸ் அடிக்க ஒருவர், கீபோர்டுக்கு ஒருவர். அவர்கள் ஆராதனை ஆரம்பித்தால் தகரம் அதிரும். எதிரில் நிற்கும் வேப்பமரத்துக் காக்காய்கள் ஒன்றரை மணி நேரத்துக்கு வேறு மரம் பார்த்துப் போய்விடும். பக்கத்திலேயே பழைய கல் கோவில் இருந்தது, அதுவும் சர்ச்தான். அங்கே ஆர்மோனியமும் கீர்த்தனையும்தான். கல் கோவில்காரர்கள் சபைக்காரர்களைப் பற்றிச் சொல்வது இது: "கர்த்தருக்குக் காது கேக்காதா, இம்புட்டுச் சத்தம் எதுக்கு?"

எங்கள் வீட்டில் சினிமாப் பாட்டுக்கு உலகப் பாட்டு என்று பெயர். உலகப் பாட்டு கேட்கக் கூடாது. அம்மா அதில் கண்டிப்பு. அப்பா லாரிக்குப் பெட்டி ஏற்றும் லோடுமேன். அவர் செல்போன் நிறைய உலகம்தான். அம்மா இருக்கும்போது அதை மாட்டுத் தொட்டிப் பக்கம் கொண்டுபோய்க் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமா சாப்பிட வந்தால் இருவருக்கும் இதே வழக்குதான்.

"மாப்ள, அதே கிதாரு, அதே டிரம்ஸு. அவன் ஒரு பொண்ணத் தேடிப் பாடுறான், நீ ஆண்டவரத் தேடிப் பாடுற. பேரை மட்டும் மாத்திட்டாச் சரியாப் போச்சா?" என்பார் அப்பா.

"அத்தான், எங்க பிரஸ்ல ஒரே மிஷின்தான். காலையில லட்சுமி காலண்டர் ஓடும், மத்தியானம் வசனக் காலண்டர், சாயந்திரம் சரவெடிப் பெட்டிக்கு நடிகை லேபிள். மை ஒண்ணுதான. மிஷின் மேல தப்புச் சொல்ல முடியுமா? எந்தப் பிளேட்ட மாட்டுறோம்ங்கிறதுலதான் எல்லாம் இருக்கு."

அப்பா ரசத்தை உறிஞ்சியபடி யோசிப்பார். "சரி, அதுல எது நல்லா விழும்? லட்சுமியா, நடிகையா?"

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிடும். பொய் சொல்ல மாட்டார். "நடிகைதான் அத்தான். அதுக்குத்தான் பார்ட்டி நல்ல தாள் குடுக்கான்."

"அப்படிச் சொல்லு."

"எங்களுக்கும் அந்தத் தாளு ஒரு தடவ கெடைக்கட்டும், பாருங்க."

அம்மா குழம்புச் சட்டியை டங்கென்று வைப்பாள். அத்தோடு வழக்கு அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிப்போகும். நான் யார் கட்சி என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மாமா கட்சி என்றுதான் சொல்லியிருப்பேன். உள்ளுக்குள் நான் அப்பா கட்சி. அந்த வருடத்துச் சினிமாப் பாட்டுகளில் பத்துப் பன்னிரண்டு எனக்கு எழுத்துப் பிசகாமல் தெரியும். சாயங்கால வேனில் கேட்டுக் கேட்டுப் படித்தவை. குடத்தோடு தண்ணீருக்கு நிற்கும்போது உதட்டை அசைக்காமல் தொண்டைக்குள்ளேயே பாடிக்கொள்வேன். அப்படிப் பாடினால் பாவமாகாது என்று நானே ஒரு சட்டம் வைத்திருந்தேன்.

வேனில் முன் சீட்டு ஒருவருக்கென்றே உண்டு. கல் கோவில் அம்மாள் ஒருவர், கம்பெனியில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். ஆமத்தூரில் ஏறுவார். அவர் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடி ஒரு நிமிடம் ஜெபம் பண்ணி முடித்த பிறகுதான் அம்மன் பாட்டு நாளானாலும் வண்டி நகரும். எல்லாரும் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மாவுக்கும் அத்தை, எனக்கும் அத்தை, அவரைவிட நாலு வயது மூத்த ஒரு பாட்டிக்கும் அத்தை. அத்தைக்கு ஒரு மகள். அந்த அக்காவும் அதே கம்பெனியில் பெட்டியில் லேபிள் ஒட்டுகிற வேலை. சனிக்கிழமைகளில் சாயங்கால வேன் ஆமத்தூரில் நிற்கும்போது மாமா அங்கே பஸ் ஸ்டாப்பில் நிற்பார். "என் மருமவளப் பாக்க வந்தேன்" என்று சொல்லி சன்னல் வழியாக எனக்குக் கடலை மிட்டாய் கொடுப்பார். மிட்டாய் எனக்கு வரும். பார்வை எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அந்த அக்காவுக்குப் போகும். எனக்கு மிட்டாய் போதுமாக இருந்தது.

மாமாவுக்குப் பெண் கேட்டு அம்மா ஒரு தடவை ஜாடையாகப் பேசியிருக்கிறாள். அத்தை மறுக்கவும் இல்லை, சம்மதிக்கவும் இல்லை. "பையன் வேலை வெட்டி உள்ளவன்தான். ஆனா கையில கிதார வச்சுக்கிட்டுக் குதிக்கானாமே. கோவில்ல குதிக்கிறவன் வீட்ல நிப்பானாத்தா?" என்றாராம். அம்மாவுக்கு அது நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

அந்தச் சமயத்தில்தான் மாமா கூட்டாளிகளோடு மதுரையில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போய் ஒரே ஒரு பாட்டைப் பதிவு செய்து கொண்டுவந்தார். அவரே எழுதி அவரே பாடியது. எங்கள் வீட்டுக்கு வந்ததும் முதலில் என் காதில்தான் ஒயரை மாட்டினார். ஆரம்பத்தில் கிதார் தகரத்தை அறுப்பதுபோல் ஒரு சத்தம். பிறகு டிரம்ஸ். அதற்குள்ளிருந்து மாமாவின் குரல், எனக்குத் தெரிந்த குரல், ஆனால் யாரோ போல. வேலைக்குப் போகிறவர்களைப் பற்றிய பாட்டு அது. காலையில் ஒரு வாசல் வழியாக எத்தனை பேரை அனுப்புகிறோமோ அத்தனை பேரையும் சாயங்காலம் அதே வாசல் வழியாகத் திருப்பித் தந்துவிடு ஆண்டவரே, ஒரு விரல்கூடக் குறையக் கூடாது என்று கேட்கிற பாட்டு.

"எப்படி இருக்கு மருமவளே? உண்மையச் சொல்லணும்."

எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. சினிமாப் பாட்டு காதில் விழுந்தாலே எனக்குக் கால் தானாக ஆடும். இதற்கு ஆடவில்லை. அம்மாவின் விரல்கள்தான் கண்ணுக்குள் வந்து நின்றன. அப்படியென்றால் பாட்டு நன்றாக இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். "நல்லாருக்கு மாமா" என்றேன்.

அம்மா ஒரு திட்டம் போட்டாள். யார் பாட்டு என்று சொல்லாமலே புதன்கிழமைக் காலை வேனில் அதைப் போடுவது. அத்தை கேட்கட்டும். கேட்டு, அவர் வாயாலேயே நல்லாருக்கு என்று வரட்டும். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் பாடினது யார் என்று. அந்த வாரத்துக்குள் முறைப்படி பெண் கேட்டுப் போய்விட வேண்டும். மாமா வெட்கப்பட்டுக்கொண்டே பாட்டை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். அம்மா சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் இறங்கின பிறகு டிரைவர் அண்ணனிடம் ரகசியமாகக் கொடுத்துப் போடச் சொல்ல, அந்தப் பழைய பிளேயரில் அது ஓடவில்லை.

"இதுல ஓடுற மாதிரி மாத்தணும்க்கா. பஸ் ஸ்டாப் செல்போன் கடையில குடுத்தா ரெண்டு நிமிசத்துல மாத்திருவான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா என்னை அனுப்பினாள். கடையில் இருந்த அண்ணன் கம்ப்யூட்டரில் பென் டிரைவைச் செருகி, பத்து வினாடி கேட்டுவிட்டு, "பரவாயில்லையே, இங்கிலீஸ் பாட்டு கணக்கா இருக்கு" என்றார். மாற்றிக் கொடுத்தார். கொடுக்கும்போது, "ஒரே பாட்டுதான் கெடக்கு. இம்புட்டு எடம் சும்மா இருக்கே, வேற எதும் ஏத்தணுமா?" என்று கேட்டார்.

கடை வாசலில் ஒரு ஸ்பீக்கர் இருந்தது. அதில் அந்த வருடம் எல்லாத் திருவிழாவிலும் போட்டுக் கிழித்த ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண்ணின் இடுப்பை என்னென்னவோ பலகாரங்களோடு ஒப்பிட்டுக்கொண்டே போகிற பாட்டு. ஆரம்பத்திலும் நடுவிலும் முனகல் எல்லாம் வரும். அர்த்தம் எனக்குப் பாதி தெரியாது. தாளம் முழுக்கத் தெரியும். நான் விரலை நீட்டி அந்த ஸ்பீக்கரைக் காட்டினேன்.

கடை அண்ணன் சிரித்தார். "இதா? யாருக்கு?"

"எங்க மாமாவுக்கு."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை நான் பல காரணங்கள் சொல்லிப் பார்த்திருக்கிறேன், எனக்கு நானேதான். மாமா பாட்டு யாருக்கும் பிடிக்காமல் போனால் அடுத்ததாக ஒரு நல்ல பாட்டு இருக்கட்டுமே என்று நினைத்தேன் என்று சில வருடங்கள் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு பாட்டையும் அடுத்தடுத்து வைத்து எது ஒசத்தி என்று பார்க்கத்தான் என்று கொஞ்ச காலம். எல்லாம் பொய். எனக்கு அந்தப் பாட்டு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். புதன்கிழமைக்குப் பிறகு பென் டிரைவ் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும், அம்மா இல்லாத நேரத்தில் டி.வி.டி. பிளேயரில் செருகித் தனியாகக் கேட்கலாம் என்று கணக்குப் போட்டேன். பொம்பளைப் பிள்ளை இந்தப் பாட்டைக் கேட்கிறதே என்று கடை அண்ணன் நினைக்கக் கூடாதென்று மாமாவின் மேல் போட்டேன்.

திங்களும் செவ்வாயும் எனக்கு ஒரே கவலை. பென் டிரைவ் தொலைந்துவிடுமோ, தண்ணீர் பட்டுவிடுமோ, டிரைவர் அண்ணன் மறந்துவிடுவாரோ, பாட்டைக் கேட்டு எல்லாரும் சிரித்துவிடுவார்களோ. இத்தனை கவலைகளையும் வரிசையாகப் பட்டேன். ஒரு பாட்டு முடிந்தால் பிளேயர் அடுத்த பாட்டுக்குத் தானாகப் போகும் என்பது மட்டும் என் கவலையில் சேரவில்லை. ஒரு பாட்டு முடிந்ததும் டிரைவர் அண்ணன் நிறுத்திவிடுவார் என்று நானாக முடிவு செய்திருந்தேன்.

புதன்கிழமை அத்தை ஏறினார், ஜெபம் பண்ணினார், வண்டி நகர்ந்தது. அம்மா டிரைவர் அண்ணனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். பிளேயரில் சிவப்பு விளக்கு எரிந்தது. கிதார் தகரத்தை அறுத்தது.

"ஏ ஆத்தா, வெல்டிங் பட்டறையா?" என்றது பின் சீட்டிலிருந்து ஒரு குரல். சிரிப்பு எழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் குரல் வந்ததும் சிரிப்பு குறைந்தது. காலையில் அனுப்புகிறோம், சாயங்காலம் திருப்பிக் கொடு என்ற இடம் வந்தபோது வேனுக்குள் சத்தமே இல்லை. அம்மன் பாட்டுக்காரப் பெண்கள்கூட அசையாமல் கேட்டார்கள். இரண்டாவது தடவை அந்த வரி வந்தபோது இரண்டு மூன்று பேர் கூடவே முணுமுணுத்தார்கள். நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். எனக்கு முன்னால் அத்தையின் கை தெரிந்தது. தூக்குச்சட்டி மூடியின் மேல் அவர் விரல்கள் மெதுவாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. அந்த அக்கா சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் மட்டும் சிரிப்பு தெரிந்தது. அவளுக்குக் குரல் தெரிந்திருக்கிறது.

"யாருத்தா பாடினது?" என்றார் அத்தை, திரும்பாமலே.

"முழுசாக் கேளுங்க அத்த, சொல்றேன்."

"நம்மளப் பத்திப் பாடியிருக்கானே. எந்த ஊருப் பிள்ளையோ."

பாட்டு முடிந்தது. அம்மா முன்னால் குனிந்தாள். அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. "அது வேற யாருமில்ல அத்த, என் தம்பிதான்" என்றாள்.

அந்தச் சொல் முடிந்த இடத்தில் இரண்டாவது பாட்டு ஆரம்பித்தது. முனகலோடுதான் அது ஆரம்பிக்கும்.

டிரைவர் அண்ணன் பதறிப்போய் ஒரு கையால் பொத்தானை அமுக்கினார். அந்தப் பிளேயரில் நிறுத்துகிற பொத்தான் ரொம்ப நாளாக வேலை செய்வதில்லை. சத்தத்தைக் குறைக்கப் போய்க் கூட்டிவிட்டார். இடுப்பும் பலகாரமும் வேன் முழுக்க அதிர்ந்தன. பின்னால் யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். வேறு யாரோ, "காலங்காத்தால என்னடா இது, வேலைக்குப் போற நேரத்துல" என்று பயந்த குரலில் சொன்னார்கள். டிரைவர் அண்ணன் கடைசியில் பென் டிரைவையே பிடுங்கி எடுத்தார்.

"வண்டிய நிறுத்துப்பா" என்றார் அத்தை.

"அத்த, தெரியாம நடந்துபோச்சு அத்த. அது எப்படி அதுக்குள்ள வந்துச்சுன்னே தெரியல" என்றாள் அம்மா.

"நெருப்போட வேலை செய்யப் போறோம். இந்தச் சத்தத்தக் காதுல வாங்கிக்கிட்டு நான் இன்னைக்கு மருந்துல கை வைக்க மாட்டேன். நீ எறங்குட்டி" என்று மகளையும் இறக்கிக்கொண்டு ரோட்டோரம் நின்றுவிட்டார். அந்த அக்கா இறங்கும்போது யாரையும் பார்க்கவில்லை. வேன் பாட்டில்லாமல் போயிற்று. அம்மா பென் டிரைவைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய ஆளாக நான் அவளுக்குத் தோன்றவில்லை.

அன்று பள்ளிக்கூடத்தில் நான் ஒன்றும் படிக்கவில்லை. சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். காலை வேனில் உலகப் பாட்டுப் போட்டாயிற்று, சட்டம் உடைந்தாயிற்று, இனி கம்பெனி வெடிக்க வேண்டியதுதான் பாக்கி. யாராவது பெஞ்சை இழுத்தால் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மத்தியானத்துக்கு மேல் தூரத்தில் திம்மென்று ஒரு சத்தம். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த டீச்சரின் கை நின்றது. எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு வீட்டில் யாராவது பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள்தான். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த சத்தத்துக்குக் காத்திருந்தோம். வரவில்லை. "கல் குவாரி" என்று சொல்லிவிட்டு டீச்சர் மறுபடி எழுத ஆரம்பித்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். வயிற்றுவலி என்று சொன்னேன்.

சாயங்காலம் வேன் வந்தபோது பள்ளிக்கூடத்து வாசலில் நின்று தலைகளை எண்ணினேன். பதினாறு. வழியில் இறங்கிப் போன இரண்டு பேரையும் சேர்த்தால் பதினெட்டு. ஒரு விரல்கூடக் குறையவில்லை. ஸ்தோத்திரம் என்று சொல்லி ஏறினேன். அத்தோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஆமத்தூர் பஸ் ஸ்டாப்பில் மாமா நின்றுகொண்டிருந்தார். தேய்த்த சட்டை. பாட்டு எப்படிப் போயிற்று என்று கேட்பதற்காக வேலை முடியும் முன்பே சொல்லிவிட்டு வந்திருக்கிறார். எனக்குப் பின்னால் இருந்த சீட்டு காலியாக இருப்பதைப் பார்த்தார். அம்மா என்னோடு அங்கேயே இறங்கி, அவரையும் கூட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கு நடந்தாள். பென் டிரைவை அவர் கையில் கொடுத்துவிட்டு, நடந்ததை வழியெல்லாம் சொன்னாள். மாமா கேட்டுக்கொண்டே வந்தார்.

விளக்குப் போடும் நேரத்துக்கு அத்தை வந்தார். சண்டைக்கு வந்தவர் மாதிரித் தெரியவில்லை. அம்மா எடுத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரையும் குடித்தார்.

"நான் கோவத்துல எறங்கிட்டேன். வீட்ல போய் உக்காந்தா மனசு கேக்கல. அம்புட்டு நல்லாப் பாடினவன் இப்படிச் செய்வானான்னு ஒரு எண்ணம். டிரைவருக்குப் போன் போட்டேன், செல்போன் கடையில குடுத்து மாத்தினதுன்னான். சரி, கடைக்காரன்தான் தெரியாம ஏத்திட்டானோன்னு நேரா அங்க போய்க் கேட்டேன்." அத்தை என் பக்கம் திரும்பினார். "இந்தப் பிள்ளதான் வந்துச்சாம். எங்க மாமாவுக்குன்னு சொல்லித்தான் ஏத்தச் சொல்லிச்சாம்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா என் தோளைப் பிடித்தாள். "ஏட்டி, மாமாவா ஏத்தச் சொன்னாக?"

நான் மாமாவைப் பார்த்தேன். அவருக்குத் தெரியும், அவர் சொல்லவில்லை என்று. எனக்குத் தெரியும். அந்த அறையில் அது எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். வாயைத் திறந்து சொல்லவில்லை. வாயைத் திறக்காவிட்டால் பொய்யாகாது என்று அதற்கும் ஒரு சட்டம் வைத்திருந்தேன்.

மாமா என்னைப் பார்த்தது ஒரு வினாடி இருக்கும். பிறகு அத்தையிடம் திரும்பினார்.

"ஆமா அத்த. நான்தான் சொன்னேன். பிள்ளைக்கு என்ன தெரியும்."

அம்மா தோளிலிருந்து கையை எடுத்துத் தன் வாயில் வைத்துக்கொண்டாள். அத்தை தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார். அவர் வேறு பதிலுக்காக வந்திருந்தார் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. எழுந்து, வாசல் வரை போய், நின்றார்.

"பாட்டு நல்லாத்தாம்ப்பா இருந்துச்சு" என்றார். போய்விட்டார்.

எனக்கு அடி விழவில்லை. யாரும் திட்டவும் இல்லை. மாமாவுக்கும் அந்தப் பாட்டு உள்ளுக்குள் பிடித்திருக்கும்போல, அதனால்தான் ஒத்துக்கொண்டார் என்று என் மனதைத் தேற்றிக்கொண்டேன். இரண்டே நாளில் அதை நம்பவும் ஆரம்பித்துவிட்டேன். கவலைப்படுகிறவர்களுக்கு அது ஒரு வசதி. எந்தக் கவலையை விட்டுவிடுவது என்றும் தெரிந்திருக்கும்.

அந்த அக்காவை அடுத்த வருடம் சாத்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். மாமா கிதாரைச் சபையிலேயே விட்டுவிட்டு திருப்பூருக்கு ஓர் அச்சாபீசு வேலைக்குப் போனார். இப்போது அங்கேதான் குடும்பம். கிறிஸ்துமஸுக்குப் போன் பேசுவார். பாடுகிறீர்களா என்று நான் கேட்டதில்லை. கல் கோவிலில் இன்று பீடத்துக்குப் பக்கத்திலேயே டிரம்ஸ் செட் நிற்கிறது. கிதார் இரண்டு. போன அறுப்பின் பண்டிகைக்குப் போயிருந்தேன். அத்தை முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார். வயதாகிவிட்டது. என்னைப் பார்த்து, "உங்க மாமா நல்லா இருக்கானாத்தா?" என்று கேட்டார். நல்லா இருக்காக என்றேன். அம்மா இன்றைக்கும் சொல்வாள்: "என் தம்பி தங்கம். அந்த ஒரு உலகப் பாட்டுதான் அவன் வாழ்க்கையக் கெடுத்துச்சு." நான் பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன். அந்தச் சினிமாப் பாட்டு இன்றும் எனக்கு எழுத்துப் பிசகாமல் தெரியும். மாமாவின் பாட்டில் முதல் சரணத்துக்கு மேல் நினைவில்லை.

அவர் திருப்பூர் போவதற்கு முன்னால் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா கடைக்குப் போயிருந்தாள். நான் தனியாக இருந்தேன். சட்டைப் பையிலிருந்து அந்தப் பென் டிரைவை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார்.

"இது இனி உனக்குத்தான் மருமவளே. ரெண்டு பாட்டும் அதுல அப்படியே இருக்கு, நான் எதையும் அழிக்கல" என்றார். பிறகு எனக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். அவர் முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது. "எனக்கு மட்டும் உண்மையச் சொல்லு. யாருட்டயும் சொல்ல மாட்டேன். உனக்கு எந்தப் பாட்டு வேணும்னு இருந்துச்சு?"

போன தடவை அவர் கேட்டபோது பொய் சொன்னது எனக்கு நினைவு வந்தது. நன்றாக யோசித்தேன். இந்தத் தடவை உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

"சினிமாப் பாட்டுதான் மாமா. அதுதான் நல்லாருக்கு."

மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், இன்னும் ஏதோ வரப்போகிறது என்பதுபோல. இதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

"அதுக்கு நல்ல தாள் குடுக்கான்லா" என்றார் மாமா. என் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு எழுந்து, வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

உண்மையைச் சொல்லிவிட்ட நிம்மதி எனக்கு. அம்மா வருவதற்குள் ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று, பென் டிரைவைச் செருகுகிற இடத்தைத் தேடி டி.வி.டி. பிளேயரைத் திருப்பினேன்.